பதினான்காம் வரிசை கேப்டன்

பன்னிரண்டு வருடம் தான் ஓட்டிய தூத்துக்குடி விமானத்தில், பதினான்காம் வரிசையில், கேப்டன் தேவசகாயம் பயணியாக உட்கார்ந்திருந்தார். விமானத்தின் நிறம், எண், நேரம் எல்லாம் பழையதுதான். ஓட்டுவது மட்டும், குறைந்த சம்பளத்துக்கு பைலட் வைக்கக் கம்பெனி பெற்றுப்போட்ட குட்டிக் கம்பெனி. அதை எதிர்க்கும் சங்கத்தின் கறுப்பு பேட்ஜ் அவர் சீருடையில் இருந்தது.

பக்கத்து இருக்கைப் பெண் மடியிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "சார், நீங்க இங்க இருக்கீங்க. அப்ப ஓட்டுறது யாரு?"

குட்டிக் கம்பெனி பைலட்டுகளை 'கத்துக்குட்டிகள்' என்று ஆறு மாதமாக மேடையில் முழங்கியவர் அவர்தான்.

"நல்லா ஓட்டுவாங்கம்மா" என்றார். அதைச் சொன்னது தான்தானா என்று அவருக்கே குழப்பமாக இருந்தது.

சக்கரம் தரை தொட்டதே தெரியவில்லை. பயணிகள் சீருடையில் இருந்த அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். தானும் தட்டுவதா, கும்பிடுவதா? முன்சீட்டுக்கு அடியில் இருந்த பையை இரண்டு காலாலும் பிரேக்காக மிதித்துக்கொண்டிருந்தார். விமானம் நின்ற பிறகும் காலை எடுக்கவில்லை.