சுவர் தாண்டிய காசித்தும்பை

"சூர்யகலா, உங்க ஊட்டுக் காசித்தும்பை திரும்பவும் எங்க பக்கம் மொளைச்சிக்கினு நிக்குது. வந்து புடுங்கிக்கினு போ."

காம்பவுண்டு சுவரோரம் நின்று வேணி போட்ட சத்தம் சூர்யகலாவுக்காக மட்டும் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணவர் சீனுவாசன் காதிலும் விழ வேண்டும்.

வளவனூர் நிலத்து மோட்டாருக்காக அண்ணன் சீனுவாசனும் தம்பி பாண்டுரங்கனும் முறைத்துக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. பெண்டாட்டிகளும் பேசக் கூடாது என்று சட்டம் போட்டவர் சீனுவாசன். வீம்பு பிடித்த மனுஷன். ஆனால், "அவங்க ஊட்டுச் செடிய அவங்களே வந்து புடுங்கட்டும், நீ கை வெக்காத" என்றும் அவரே சொல்லியிருந்தார். ஓரகத்திகளுக்கு அது போதாதா?

சூர்யகலா வந்து பக்கத்தில் குந்தினாள். செடிக்கு ஒரு சேதியாகப் பிடுங்கினார்கள்.

"பரிமளாவுக்கு வர்ற மாசம் சீமந்தம். நீ வந்துடணும்க்கா."

"உன் பொண்ணு சீமந்தத்துக்கு வர எனக்கு ஆசை இல்லியா? அங்க செடி மொளைச்சிருக்குதுன்னு சொல்ல முடியுமாடி?"

சூர்யகலா குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஊட்லயே இப்ப செடி ஏதுக்கா? போன வருஷமே பூராவும் சிமெண்ட் போட்டாச்சு. நீதானே வெதை போடற?"

"நானா? நீதான் சுவத்து மேல தூவறன்னு இருந்தேன்."

வேணி பூவைத் திருப்பிப் பார்த்தாள். சூர்யகலா வீட்டில் இருந்தது ஒற்றைப் பூ, ரோஸ் நிறம். இது சிவப்பு, அடுக்கு.

"அப்ப இது யாரு வெதை?"

"இன்னும் இன்னா பேச்சு அங்க?" சீனுவாசன் குரல் வந்தது. "ஒண்ணு விடாம புடுங்கச் சொல்லு."

கடைசிச் செடியும் வந்துவிட்டது. காய் முற்றியிருந்தால் வெடித்துத் தானே முளைக்கும். இதுவோ இப்போதுதான் பூத்திருந்தது. இனி என்ன சொல்லிக் கூப்பிடுவது? வேணிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சீனுவாசன் திண்டிவனம் போய்விட்டு வந்தார். துவைக்க எடுத்த சட்டையின் பைக்குள் வேணி கையை விட்டாள். பஸ் டிக்கெட்டோடு ஒரு விதைப் பாக்கெட்டும் வந்தது. அதன் மேல் படத்தில் அதே சிவப்பு அடுக்குக் காசித்தும்பை.