சாட்சிக்குப் பின் ஒரு வரி

போதகருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆராதனையில் யார் எழுந்து சாட்சி சொன்னாலும், முடிந்தவுடன் மைக்கை வாங்கி, அதன் சாரத்தை ஒரே வரியில் பிழிந்து, சபையார் அனைவரையும் திருப்பிச் சொல்லவைப்பார். குட்டிக்கதையின் அடியில் நீதி எழுதுவதைப்போல.

காய்ச்சல் குணமானாலும் ஒரு வரி. காணாமற்போன ஆடு தானாகத் திரும்பி வந்தாலும் ஒரு வரி. அந்த வரிகளால் அதுவரை யாருக்கும் அடிபட்டதில்லை.

வெள்ளம் வடிந்தபின் கூடிய முதல் ஆராதனை அது. சுவரில் ஆளுயரத்துக்குச் சேற்றுக் கோடு. ஊறிப்போன பெஞ்சுகள் உட்கார்ந்தவர்களின் உடையை நனைத்தன.

மளிகைக்கடைக்காரர் மைக்கைப் பிடித்தார்.

"மொட்டை மாடியில குடும்பத்தோட முழங்கால் போட்டு ஜெபிச்சோம். ஆமென் சொல்றதுக்குள்ள படகு வந்துடுச்சு! கடையில இருந்த அரிசிதான் போச்சு. அவசரத்துல அரிசிக்கு ஜெபிக்க மறந்துட்டேன்."

சபை சிரித்தது. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

போதகர் மைக்கை வாங்கினார். கண்கள் குழிவிழுந்திருந்தன, குரல் மட்டும் பழகிய தடத்தில் ஓடியது.

"ஜெபித்த வீட்டைக் கர்த்தர் காத்தார். எல்லாரும் சொல்லுங்க."

எல்லோரும் சொன்னார்கள்.

மூன்றாம் வரிசையில் இருந்த தையல் ஆசிரியை சொல்லவில்லை. உள்ளங்கால் முதல் உச்சிவரை அவளுக்குப் பற்றி எரிந்தது.

அப்படியானால், காக்கப்படாத வீடு?

அன்று அவள் கணவர் ஊராரைக் கரையேற்றப் போயிருந்தார். வீட்டில் அவளும் மகளும்தான். ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு அந்தச் சிறுமி, தனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தை ஒரு சொல் விடாமல் சொன்னாள். தண்ணீர் மார்புக்கு ஏறியபோது, மேலே கேட்கவில்லையோ என்னவோ என்று, இன்னும் உரக்கச் சொன்னாள்.

பிறகு கம்பியில் அந்தக் கை இல்லை.

முன்வரிசையில் தச்சர் இருந்தார். வெள்ளத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர். அவரும் அந்த வரியை உதடசைத்துச் சொல்லிவிட்டு, திருடிப் பிடிபட்டவரைப்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

தன் துக்கத்தைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவளுக்கு, அந்தக் குனிந்த பிடரியைப் பொறுக்க முடியவில்லை. எழுந்தாள். மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"நாங்களும்தான் ஜெபிச்சோம். எங்க ஜெபத்துல என்ன குறை கண்டீங்க, ஐயா? செத்தவங்களை ஏன் குத்தவாளி ஆக்குறீங்க?"

'ஐயா' என்ற சொல்லில் சபை திடுக்கிட்டது. சபையார் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைப்பார்கள்; அவள் மட்டும் அழைத்து யாரும் கேட்டதில்லை.

கடைக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. சபைப் பெரியவர் ஒருவர், உட்காரும்படி கையமர்த்தினார். அவள் உட்காரவில்லை.

போதகர் வாயைத் திறந்தார். வரி வரவில்லை.

மைக்கை வைத்துவிட்டுப் பீடத்தைவிட்டு இறங்கினார். முதலில் தச்சரிடம் போனார். அவர் தோளைத் தொட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, தான் சொல்லவைத்த வரி தவறு என்றார். மன்னிக்கும்படி கேட்டார். தச்சர் தலையை நிமிர்த்தினார்.

பிறகு மூன்றாம் வரிசைக்கு வந்தார். ஈரப் பெஞ்சில், அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், தொப்பென்று உட்கார்ந்தார். வெள்ளம் வடிந்த நாளிலிருந்து அவர் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டார்.

"ஜெபத்தை எதுவரைக்கும் சொன்னா, நம்ம பொண்ணு?"

அவளுடைய கோபம் இறங்கியது. அவரருகே அமர்ந்து சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிக்கும்வரை போதகர் அவள் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

முடித்தபின், அவர் ஒரு வரியும் சொல்லவில்லை.