கீழ்வீட்டு நட்சத்திரம்

"ஏன் பிரேமிளா, நவம்பர் பத்தாந்தேதி யாராவது கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டுவாங்களா?"

ஜெயராணி கீழ்வீட்டு வாசலில் நின்று கேட்டாள். ஏணி மேல் நின்ற சுரேஸ், வயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். பிரேமிளா ஏணியைப் பிடித்தபடியே சிரிக்க முயன்றாள்.

"புள்ள ஆசைப்பட்டுச்சுக்கா."

"புள்ள ஆசைப்பட்டா? இது செத்தவங்களுக்காகச் செபிக்கிற மாசம். கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகிற திருவருகைக் காலமே இன்னும் தொடங்கல. கோயில்ல குடில் போட வைக்கோல்கூட வாங்கல. நீங்க நட்சத்திரமே கட்டிட்டீங்க!"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"இதுக்கு மேல தள்ளிப்போட ஏலாதுக்கா" என்றாள் பிரேமிளா.

கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில், கொழும்பு ரோட்டுக்கு மேலே சரிவில் இருந்தது ஜெயராணியின் வீடு. மேலே அவள், கீழே வாடகைக்கு சுரேஸ் குடும்பம். பன்வில பக்கமிருந்து மார்ச் மாதம்தான் வந்திருந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, ஏழு வயது தர்ஷிகா. சத்தம் போடாத சனங்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார்கள். முடிந்ததும் யாரோடும் நின்று பேசாமல் போய்விடுவார்கள். நல்ல குடும்பம் என்று பாதரிடம் அவர்களைக் கூட்டிப் போய் அறிமுகப்படுத்தியதே ஜெயராணிதான். போதாததற்கு, கோயில் மாதர் சபைக்கு அவள் தலைவி. தலைவி வீட்டில் நட்சத்திரம் தொங்கினால், கட்டியது குடியிருக்கிறவர்கள் என்று யார் விசாரிக்கப் போகிறார்கள்?

அவள் பயந்தபடியே நடந்தது. கண்டி பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சிவப்பு நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. பலசரக்குக் கடை சாஹுல் ஹமீது சீனியை நிறுத்துக்கொண்டே, "இந்த வருஷம் நத்தார் பண்டிகை முந்திட்டோ தங்கச்சி?" என்று கேட்டார். மாதர் சபைக் கூட்டத்தில் ஒருத்தி, "தலைவி வீட்டுல இயேசு பாலன் குறைமாசத்துலயே பொறந்துட்டாராம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஜெயராணிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அன்று மாலையே கீழே இறங்கினாள். வாசலிலேயே கேக் வாசனை அடித்தது.

"கேக் வேற போடுறீங்களா?"

"சனிக்கிழமை கொண்டாடுறோம்க்கா. நீங்களும் வரணும்."

"நான் வர்றதா? ஒன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. நட்சத்திரத்தக் கழட்டுங்க. இல்லாட்டி மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாருங்க."

கெஞ்சுவாள், கழற்றிவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னாள். பிரேமிளா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"வீடு பாத்துக்கிறோம்க்கா. நட்சத்திரத்தக் கழட்ட மாட்டோம்."

என்ன பிடிவாதம் இது? படி ஏறும்போது ஜெயராணி யோசித்தாள். டிசம்பருக்குள் வெளிநாடு போகிறார்களோ? யாருக்காவது நோய், வருத்தமோ? சுரேஸ் மெலிந்துதான் போயிருந்தான். நிதானமாகக் கேட்டிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கூட்டத்தில் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

சனிக்கிழமை பகல் கீழே நத்தார் பாட்டு தொடங்கியது. அக்கம்பக்கத்தார் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது பாட்டு வரை பொறுத்த ஜெயராணி, சத்தத்தையாவது குறைக்கச் சொல்வோம் என்று இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தது ஓர் இளைஞன். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். ஒட்ட வெட்டிய முடி. புதுச் சட்டைக்குள் எலும்பும் தோலுமாக இருந்தான். அவளைக் கண்டதும் சட்டென்று பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"பயப்படாத ரொஷான், வீட்டுக்கார அக்காதான்" என்று பிரேமிளா ஓடிவந்தாள். "எங்க மூத்தவன்க்கா."

"மூத்தவனா? ஒரு நாளும் சொல்லவே இல்லையே!"

"என்னன்னு சொல்றது? தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு ஒரு ஏஜென்ட் கூட்டிட்டுப் போனான். எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஒரு கேம்ப்ல அடைச்சிட்டாங்க. மாசக்கணக்கா உசிரோட இருக்கானான்னே தெரியல. ரெண்டு தடவ வர்றான்னு சொன்னாங்க, வரல. அதான் வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. இன்னைக்கு விடியக்காலைலதான் கட்டுநாயக்கா ஏர்போட்ல வந்து எறங்கினான்."

ஜெயராணி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தர்ஷிகா அண்ணனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சுரேஸ் போய்ப் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தான்.

"வேணாம் சுரேஸ், இருக்கட்டும்" என்றாள் ஜெயராணி. பிறகு, "வேற வீடு பாக்கச் சொன்ன கதைய மறந்துடுங்க பிரேமிளா. கோவத்துல சொல்லிட்டேன்" என்றாள்.

"பரவால்லக்கா."

"ஆனா ஒன்னு. மகன்தான் வந்துட்டானே, இனி எங்கயும் போகப் போறதில்லையே? இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா ஊரோட சேர்ந்தே கொண்டாடியிருக்கலாம். எதுக்கு இப்புடி முந்திக்கிட்டு?"

பிரேமிளா கேக் துண்டொன்றை எடுத்து மகனின் தட்டில் வைத்தாள்.

"நாங்க முந்தலக்கா, பிந்திட்டோம். இந்த வருசத்துக் கிறிஸ்மஸ் எல்லாரையும்போல டிசம்பர்லதான்; இது இவன் இல்லாம நாங்க கொண்டாடாம வச்சிருந்த போன வருசத்தது."