எந்தக் கார் தாங்கும்?

“நேரை போய் மதிலிலை மோதினால் ஓட்டுற ஆள் தப்புமோ, தம்பி?”

ஜெயரட்ணம் இதைக் கேட்டபோது அவருடைய கை பழைய காரின் கதவைத் தடவிக்கொண்டிருந்தது. அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த நீளமான கார் அது. இத்தாலியின் பலெர்மோவில் கல்யாண ஜோடிகள் படமெடுக்க வாடகைக்குக் கேட்பார்கள் என்று, இறந்துபோன ஒரு டாக்டரின் குடும்பத்திடமிருந்து வாங்கியிருந்தார். பக்கத்தில் நின்றது அவர் மனைவி சறோஜா வேலைக்குப் போய்வரும் புதுக் கார். அதுவும் அமெரிக்கத் தயாரிப்புதான்.

பிரசன்னா அவர்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் மதுரைக்காரன். விபத்தில் காரின் உடல் எப்படி நசுங்குகிறது என்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவனுடைய ஆராய்ச்சி. ஒரேத்தோ தெருவிலிருந்த அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து யாரும் அவனிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அதனால் உற்சாகமாகவே விளக்கினான்.

பழசின் தகடு கனம். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம். புதுசின் பம்பரோ கட்டைவிரலால் அமுக்கினாலே உள்ளே போகிறது. பார்வைக்குப் பழசுதான் பலசாலி. ஆனால் மோதும்போது அது நசுங்காமல் நிற்கும். அடி முழுவதும் உள்ளே இருப்பவருக்குப் போகும். ஸ்டியரிங் தண்டு நெஞ்சில் இறங்கும். புதுசு அப்படியில்லை. அதன் மூக்கு நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், ஆள் உட்கார்ந்திருக்கிற கூடு தாங்கும்.

“அப்ப பழசிலை போற ஆள் செத்திடும்.”

“பெரும்பாலும், அண்ணே.”

ஜெயரட்ணம் கண்ணை மூடிக்கொண்டு எதையோ நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார், கடைக்கு வந்த இடத்தில் வாங்க வேண்டிய சாமானை மறந்தவர் மாதிரி. பிறகு, மெதுவாக ஓட்டினாலும் அப்படித்தானா என்று கேட்டார். ரொம்ப மெதுவாக இருந்தால்தான் தப்பலாம் என்றான் பிரசன்னா.

அவர் இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு ஜோடிக்குப் படமெடுப்பு இருந்தது. வழக்கமாக அவரேதான் பழைய காரில் பெல்லெக்ரீனோ மலைமேல் போய், சாந்தா ரொசாலியா கோயிலில் கும்பிட்டுவிட்டு, மறுபக்க வளைவுகளில் மொண்டெல்லோவுக்கு இறங்குவார். மனைவியிடம் பழசின் சாவியைக் கொடுத்ததே இல்லை.

“இந்த முறை பழசைச் சறோஜா கொண்டுவரட்டும். நான் புதுசிலை கோயிலடியாலை முன்னுக்குப் போறன்” என்றார்.

அதுவரை கொடுக்காத சாவியை இப்போது ஏன் கொடுக்கிறார் என்று பிரசன்னாவுக்கு உறுத்தியது. இருந்தாலும் படியேறிவிட்டான்.

மறுநாள் சறோஜா ஒரு தட்டில் வடை கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவு வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். தட்டை நீட்டியபோது சட்டைக் கை மேலேறி, மணிக்கட்டுக்கு மேல் விரல் விரலாக நீலம் தெரிந்தது. வேலை செய்கிற வீட்டு எஜமானி சிஞ்ஞோராவின் குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். வழுக்கி விழுந்தால் விரல் அடையாளம் எப்படி வரும் என்று அவன் கேட்கவில்லை. கீழ்வீட்டிலிருந்து அடிக்கடி கேட்கிற சத்தங்கள் அவனுக்குத் தெரியும்.

போலீஸ் தலைமையகமான கொஸ்தூராவுக்குப் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தான். என்னவென்று சொல்வது? ஒருவர் கார்களைப் பற்றி விசாரித்தார் என்றா?

ஞாயிறு காலை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது புதுக் கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கராஜ் வாசலில் சறோஜா நின்றாள். பழைய காரின் சாவி அவள் கையில் இருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினான்.

“அக்கா, அதை எடுக்காதீங்க.”

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். ஜெயரட்ணம் என்ன கேட்டார், தான் என்ன சொன்னான், அதைக் கேட்ட பிறகுதான் அவர் காரை மாற்றினார் என்பதையும் சொன்னான். பிரேக்கில் ஏதாவது செய்து வைத்திருப்பாரோ என்று பயமாக இருக்கிறது என்றான்.

சறோஜாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்று நினைத்தான். அவள் கராஜ் கதவை இழுத்துப் பூட்டினாள்.

ஜெயரட்ணத்திடமே நேராகக் கேட்டுவிடலாம் என்று அவருக்குப் போன் போட்டான். மணி சமையலறைக்குள்ளிருந்து ஒலித்தது.

“விட்டிட்டுப் போயிட்டார் போலை” என்றாள் சறோஜா. அதை எடுக்க அவள் உள்ளே போகவில்லை. மணி ஒலித்து ஓய்ந்தது.

“மதிலிலை மோதுறதைத்தான் நீர் அவருக்குச் சொன்னனீர். மலையிலையிருந்து உருண்டால்?”

“உருண்டா எந்தக் காரும் தாங்காதுக்கா. பழசு புதுசெல்லாம் ஒண்ணுதான்.”

அவள் தலையாட்டினாள். தெருவின் கடைசியில், வீடுகளுக்கு மேலே, மலை தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரசன்னாவுக்கு அப்போதுதான் மூச்சு சீரானது. நீங்கள் பிழைத்தீர்கள், அது போதும், அவர் வந்ததும் நானே பேசுகிறேன் என்றான்.

சறோஜா மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவர் புதுசிலை போகோணும் எண்டுதான், தம்பி, உம்மட்டைக் கேக்கச் சொல்லி விட்டனான்.”