அம்மா வைத்த செடி

கத்தரிக்கோலைக் கொண்டுவந்து பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சித்தி பால்கனிக் கதவோடு நின்றுகொண்டாள்.

தொட்டியில் நிற்கும் ஆரஞ்சுச் செடிக்குச் சித்தி தண்ணீர் ஊற்றலாம், எரு வைக்கலாம், பூச்சிக்கு மருந்து அடிக்கலாம். பழத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

சின்ன வயதில் அந்தப் பெண் போட்ட சட்டம் அது. அவள் படித்து முடித்து வேலைக்குப் போகிற இந்த நாள்வரை யாரும் அதை மாற்றவில்லை.

அவளைப் பெற்றவள் வைத்த செடி. வைத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரு பூவைக்கூடப் பார்க்காமல்.

அப்பா இரண்டாம் கல்யாணம் செய்து சித்தியைக் கூட்டிவந்த அன்று, குழந்தை இரண்டு கையையும் விரித்துச் செடியை மறித்துக்கொண்டு நின்றது.

இன்று செடியும் அவளோடு வெளியூர் போகிறது. கீழே வண்டி நிற்கிறது.

பழங்களைக் காம்போடு நறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தவள், கடைசிப் பழத்தை என்ன நினைத்தாளோ, சித்தியின் கையில் வைத்தாள்.

“நீங்களும் ஒண்ணு சாப்பிடுங்க சித்தி. அம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க.”

சித்தி பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியை வண்டியில் ஏற்றினார்கள். கிளை ஒடியாமலிருக்கத் தன் பழைய புடவையைச் சுற்றிக் கட்டிவிட்டாள் சித்தி. மகளைக் கொண்டுபோய் விட அப்பாவும் ஏறிக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்பியது.

சித்தி வந்த முதல் கோடையில் குழந்தை விஷக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தது. கட்டிலை விட்டு நகராமல் கிடந்த சித்திக்குச் செடியின் நினைப்பே இல்லை. மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அது வேரோடு காய்ந்து செத்திருந்தது.

நர்சரி நர்சரியாக வெயிலில் அலைந்தாள். அதே உயரத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதே தொட்டியில் நட்டாள். பழைய செடியில் எந்தக் கிளை ஒடிந்திருந்ததோ, புதியதிலும் அந்தக் கிளையைத் தன் கையாலேயே ஒடித்தாள். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

காய்ச்சல் விட்டு வீடு திரும்பிய குழந்தை நேரே பால்கனிக்குத்தான் ஓடியது. ஒரு இலையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, “அம்மா” என்று கூப்பிட்டது.

பின்னால் நின்ற சித்தி, “என்னம்மா” என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.