தொண்ணூற்றெட்டு

மேசைக்கடியில் போன் ஒளிர்ந்தது.

தொண்ணூற்றெட்டு.

அவள் போனை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

நல்ல எண்தான். எந்த டாக்டரும் அதைப் பார்த்துக் கவலைப்படமாட்டார். ஆனால் நுரையீரல் கெட்டதிலிருந்து அப்பாவின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் தொண்ணூற்று மூன்றைத் தாண்டியதே இல்லை.

பலகைமுன் பிரான்சிஸ் சார் பேசிக்கொண்டிருந்தார். மாலை வகுப்பின் அசதியை விரட்ட அவருக்கு ஒரே வழி, நக்கல்.

“கருவி ஒரு கம்பெனி, போன் ஒரு கம்பெனி. ரெண்டும் ஒரே பாஷை பேசணும். அதுக்குத்தான் ஸ்டாண்டர்டு. இல்லேன்னா மாமியா மருமக கதைதான்.”

வகுப்பு சிரித்தது.

அவள் செயலியை மூடித் திறந்தாள். எதிலும் முதலில் தன்னைத்தான் சந்தேகிப்பாள். எங்கோ தப்பாகப் பொருத்திவிட்டோமோ?

வீட்டில் அந்த ஏற்பாடு அவள் செய்தது. அப்பாவின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப். அதிலிருந்து கட்டிலருகே கிடக்கும் பழைய போனுக்கு ப்ளூடூத். அங்கிருந்து இணையம் வழியே இவள் கைக்கு. பொருத்திய அன்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். கிளிப்பைக் கழற்றினால் எண் போய் இரண்டு கோடுகள் வரும். மறுபடி மாட்டினால், கொஞ்சம் பொறுத்துத்தான் எண் வரும்.

அம்மாகூட விளையாட்டாக ஒருமுறை மாட்டிப் பார்த்தாள்.

அன்று அம்மாவுக்குத் தொண்ணூற்றெட்டு.

சார் பலகையில் எழுதினார். கருவி அனுப்ப வேண்டியவை: அளவு, அலகு, நேரம், கருவியின் அடையாளம்.

யார் விரல் என்று அனுப்ப அங்கே இடமில்லை.

போன வாரம் எண் சரிந்ததைப் பார்த்துப் பாதித் தேர்வில் எழுந்து ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது அப்பா சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். விரல் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

“எம் விரலப் பாத்துப் பாத்தே ஃபெயிலாகப் போறியா நீ?” என்றார். அம்மா கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று அந்தத் தேர்வையே மறுபடி வைக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் எழுத வேண்டும்.

வராந்தாவுக்கு வந்து அம்மாவை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டு, திரையில் எண்ணை வைத்துக்கொண்டாள்.

“தூங்குறாருடி. நம்பர் நல்லாத்தானே வருது? போயி பரீட்சைய எழுது.”

குரலில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் மின்விசிறியின் சத்தம். இருமல் இல்லை. அந்த வீட்டில் தூக்கத்திலும் ஓயாது அப்பாவின் இருமல்.

தொண்ணூற்றெட்டுக்குக் கீழே, சின்ன எழுத்தில் நாடித்துடிப்பு. எண்பத்திரண்டு.

“அப்பா நெசமாவே தூங்குறாராம்மா?”

நாடி தொண்ணூற்றாறு.

“ஆமான்னு சொல்றேன்ல.”

நூற்றுப் பதினொன்று.

தூங்குகிறவரின் நாடி இப்படி ஓடாது.

“அம்மா,” என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. “கிளிப்பக் கழட்டி அப்பா விரல்ல மாட்டும்மா.”

மின்விசிறி மட்டும் சுற்றியது.

பிறகு அம்மா சொன்னாள்.

“மாட்டிட்டேன்டி.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோடுகள் வரட்டும் என்று.

தொண்ணூற்றெட்டு அசையவில்லை.