பொம்மைகளோடு நின்றவள்

ஜவுளிக்கடை வாசலில் சேலை கட்டிய பொம்மைகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று தவமணி. உயிருள்ள பொம்மையைக் கண்டுபிடிப்பவருக்குப் பட்டுச்சேலை இலவசம் என்று ஆடித் தள்ளுபடிக்காகக் கடைக்காரர் ஊரெல்லாம் விளம்பரம் செய்திருந்தார். யாராவது கண்டுபிடித்துவிட்டால் அவளுடைய வேலை அத்தோடு முடிந்தது. கண் இமைப்பது தெரியாமலிருக்க எல்லாப் பொம்மைகளுக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் நின்ற கூட்டம் விசிலடித்துப் பார்த்தது, பட்டாசு கொளுத்திப் பார்த்தது. அவள் அசையவில்லை.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளுடைய அப்பா சடையப்பன் வந்தார். வீட்டுக்குத் தெரியாமல் அவள் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து பேசாதவர். ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அவள் முன்னால் நின்றுவிட்டார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். அழுகையை அடக்கினால் அவளுக்கு இடதுகால் கட்டைவிரல் மடங்கிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இப்போதும் மடங்கியிருந்தது.

"ஒருத்தருக்கு ஒரு தடவதான். நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா" என்றான் சேல்ஸ்மேன்.

அவர் பக்கத்துப் பொம்மையைக் காட்டினார். "இந்தப் புள்ளதான்."

சேல்ஸ்மேன் அதன் தலையைத் தட்டிக் காட்டினான். டொக்கென்றது. கூட்டம் சிரித்தது.

"போகட்டும் தம்பி. அந்த ஃபேனக் கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பு. எனக்கு வேர்க்குது."

அவன் திருப்பிவிட்டு நிமிர்ந்தபோது அவர் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். காற்று நேராகத் தவமணியின் முகத்தில் வந்து விழுந்தது. சாயங்காலம் வரை அவள் அசையாமல் நிற்க வேண்டும்.